பென்னிகுக்குக்கு முன்பே ஒரு குத்தகை

தேனி மாவட்டத்தில் பல வீடுகளிலும் கடைகளிலும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் படம் தொங்கும். பென்னிகுக். ஜனவரி 15 அவர் பிறந்த நாள் என்பதால் பொங்கல் பானையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. முல்லைப் பெரியாறு அணைக்காக 1886 அக்டோபர் 29 அன்று திருவாங்கூர் சமஸ்தானத்தோடு எழுதிய 999 வருடக் குத்தகையைப் பற்றிக் கேட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிப் பிள்ளைகூட பதில் சொல்லும். 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய்.

அதற்கு ஒன்பது வருடம் முன்னால், அதே மலைத்தொடரில் இன்னொரு குத்தகை எழுதப்பட்டது. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் குத்தகைக்காரருக்குப் படமும் இல்லை, பொங்கலும் இல்லை. ஆனால் இன்று மூணாறு என்றால் உங்கள் மனதில் வரும் பச்சைக் கம்பளம், போடியிலிருந்து குரங்கணி வழியாக மலையேறும் பாதையின் கதை, இடுக்கி மாவட்டத்தில் லட்சக்கணக்கான தமிழர்கள் வாழும் வாழ்க்கை எல்லாமே அந்த ஒரு காகிதத்தோடு தொடர்புடையவை.

அதில் கையெழுத்துப் போட்டவர் காட்டுக்கு அதிகாரியாக இருந்த ஒருவர். ஏலமலையின் ஆரம்பகால அதிகாரிகளில் முக்கியமானவர். பெயர், ஜான் டேனியல் மன்றோ.

எந்த மன்றோ?

மன்றோ என்றதும் சென்னை தீவுத்திடல் அருகே அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் சிலைதான் நினைவுக்கு வரும். அவர் சர் தாமஸ் மன்றோ, சென்னை மாகாண கவர்னர். இவர் வேறு.

திருவாங்கூரிலும் அந்தப் பெயர் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கர்னல் ஜான் மன்றோ என்பவர் ஆங்கில ரெசிடென்டாகவும், சில வருடம் திவானாகவும் இருந்தார். பிறகு யு.வி. மன்றோ என்பவர் சமஸ்தானத்தின் காடுகளுக்குப் பொறுப்பாளராக இருந்தார். ஜான் டேனியல் மன்றோ வந்தது அதற்கும் பிறகு. பீர்மேடு பக்கம் காப்பித் தோட்டம் போட்ட முன்னோடிகளில் ஒருவர். திருவாங்கூர் அரசு இவரை ஏலமலையின் சூப்பரின்டென்டன்டாக நியமித்தது. வழக்கு விசாரிக்கும் மாஜிஸ்ட்ரேட் அதிகாரமும் கையில் இருந்தது.

இவருக்கும் ஒரு குதிரைக் கதை உண்டு. குதிரையின் பெயர் டௌனி. குட்டிக்கானம் பக்கத்தில் பள்ளிக்குன்னு என்ற ஊரில் பழைய சி.எஸ்.ஐ. தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் மனிதர்களின் சமாதிகளுக்கு நடுவில் டௌனியைப் புதைத்திருக்கிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் காட்டுவார்கள். மலை மலையாகத் தன்னைச் சுமந்த குதிரைக்கு மனிதரோடு சேர்த்து இடம் கேட்டு வாங்கினாராம்.

சாலை இல்லாத காலம். குதிரை போகும் இடம் வரை குதிரை, அதற்கு மேல் கால்நடை. வருடக்கணக்கில் அப்படிச் சுற்றியவருக்கு அந்த மலை எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏலக்காய்க்கு ஏன் ஒரு அதிகாரி?

சமையலறை அஞ்சறைப் பெட்டியில் பத்து கிராம் கிடக்கும் பொருளுக்கு ஒரு தனி அதிகாரி, மாஜிஸ்ட்ரேட் பதவி, காவல் சாவடிகள் எல்லாம் எதற்கு?

காரணம், அன்றைய திருவாங்கூரில் ஏலக்காய் அரசின் சொத்து. மிளகு, புகையிலை போல அதுவும் அரசின் தனியுரிமைச் சரக்கு. விளைய வைத்தவர் விருப்பப்பட்ட இடத்தில் விற்க முடியாது. காயை அரசின் கிடங்கில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அரசு அவருக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டு, சரக்கை ஆலப்புழைக்கு அனுப்பி ஏலம் விடும். அங்கிருந்து கப்பலேறும். இந்தத் தனியுரிமை 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை நீடித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலை திருவாங்கூருடையது. ஆனால் அங்கே ஏறி ஏலம் பயிர் செய்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கே இருந்து போன தமிழர்கள். போடி, உத்தமபாளையம், கம்பம், கூடலூர்க்காரர்கள். பருவத்தில் மேலே ஏறுவார்கள். குடிசை போட்டுத் தங்கி, காயைப் பறித்து, உலர்த்தி, கணக்கு முடித்துக் கீழே இறங்குவார்கள். குளிரும் மலைக்காய்ச்சலும் யானையும் அவர்களுக்குப் பழக்கம்.

காய் மேற்கே ஆலப்புழைக்குப் போக வேண்டும் என்பது சட்டம். ஆனால் பயிர் செய்தவரின் வீடு கிழக்கே. இறங்கினால் சொந்த ஊர்ச் சந்தை. வியாபாரி கையில் ரொக்கத்தோடு நிற்பார். சரக்கோ எடை குறைவு, விலை அதிகம். ஒரு ஆள் தலைச்சுமையாகவே நல்ல பணத்தைக் கீழே இறக்கிவிடலாம். இதைவிடக் கள்ளக் கடத்தலுக்கு வசதியான பொருள் எது?

ஆகவே மலையில் இருந்த அதிகாரியின் வேலையில் பாதி, கணவாய்களைக் காவல் காப்பது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, இன்னும் பெயரில்லாத ஒற்றையடிப் பாதைகள். எந்த வழியாக யார் இறங்குவார், எந்த ஓடைக்குப் பக்கத்தில் யார் புதிதாகக் காடு வெட்டுகிறார் என்பது தெரிந்தால்தான் பதவியில் நிற்க முடியும்.

நிழலில் வளரும் பணம்

மற்ற பயிர்களுக்கும் ஏலத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. மன்றோவின் கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் சுழல்கிறது.

ஏலச்செடிக்கு நேர் வெயில் ஆகாது. தலைக்கு மேல் பெரிய மரங்களின் குடை வேண்டும். காலுக்குக் கீழே இலைமக்கிய ஈரமண் வேண்டும். அதனால் ஏலம் போடுகிறவர் காட்டைத் துடைத்து எடுக்க மாட்டார். கீழ்ப்புதரைக் களைவார். கிளைகளைக் கொஞ்சம் கழித்து வெளிச்சம் விடுவார். பெரிய மரத்தை விட்டுவைப்பார். செடி நட்டு மூன்று வருடம் பொறுத்தால் காய் வரும்.

ஆக, ஏலத்தைக் காவல் காத்தால் காடும் சேர்ந்து காக்கப்படும். காட்டின் அடியில் இருந்த உயிர்கள் எல்லாம் தப்பின என்று சொல்ல முடியாது. ஆனால் மழையைத் தாங்கும் மேல்குடை நின்றது. வேர் நின்றது. ஓடை வற்றவில்லை. சமஸ்தானம் நினைத்தது வருமானத்தை. கிடைத்தது வருமானத்தோடு காடும்.

தேயிலை இதற்கு நேர் எதிர். அதற்கு வெயில் வேண்டும். சரிவு முழுவதும் மரங்களை வெட்டி, எரித்து, வரிசை பிடித்து நட வேண்டும். பிறகு அங்கங்கே நிழலுக்கு என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை நடுவார்கள். இலையை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வேண்டும் என்று யூகலிப்டஸ் தோப்பு போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். ஆனால் காட்டின் பச்சை வேறு, தோட்டத்தின் பச்சை வேறு.

ஏலத்தைக் காக்க வந்த அதிகாரி, தேயிலைக்கு வழி திறந்துவிட்டார் என்பதுதான் இந்தக் கதையின் சாரம்.

1877 ஜூலை 11

ஆங்கில அதிகாரிகளுக்கு இந்த உயர்மலை அதற்கு முன்பே தெரியும். 1816க்கும் 1820க்கும் இடையே லெப்டினன்ட்கள் வார்டும் கானரும் திருவாங்கூர் முழுவதையும் அளந்து குறிப்பெழுதினார்கள். அவர்களும் இந்தச் சிகரங்களைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அளந்தவர்கள் அங்கே தங்கவில்லை.

மன்றோ அங்கே போனதற்குக் காரணம், எல்லைத் தகராறு என்று சொல்வார்கள். மலை முகட்டுக்குக் கிழக்கே சென்னை மாகாணம், மேற்கே திருவாங்கூர். கோடு எங்கே என்பதில் சச்சரவு. அதைப் பார்க்கப் போனவர் கண்ணில் வேறொன்று பட்டது. குளிர்ந்த காற்று, நல்ல மழை, கறுத்த மண், ஆள் நடமாட்டமே குறைவான பெரிய நிலப்பரப்பு. இலங்கையில் அப்போது இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த நேரம். தோட்டக்காரர்கள் புது மண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மன்றோவும் ஒரு தோட்டக்காரர்தானே?

கண்ணன் தேவன் மலை என்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதி பூஞ்சாறு அரச குடும்பத்தின் உரிமையில் இருந்தது. தங்கள் முன்னோர் மதுரைப் பாண்டியர் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம் அது. 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு ராஜாவுக்கும் மன்றோவுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 227 சதுர மைல். முன்பணம் 5,000 ரூபாய். வருடக் குத்தகை 3,000 ரூபாய். அடுத்த ஆண்டு திருவாங்கூர் அரசு நிபந்தனைகளோடு அதை அங்கீகரித்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 227 சதுர மைல் என்றால் சுமார் 1,45,000 ஏக்கர். ராஜாவுக்குச் சேர்ந்த குத்தகை, ரூபாய்க்கு நூறு பைசா என்ற இன்றைய கணக்கில், ஏக்கருக்கு வருடம் இரண்டு பைசா. ஒன்பது வருடம் கழித்துப் பெரியாறு அணைக்குப் பேசிய தொகை ஏக்கருக்கு 5 ரூபாய். கிட்டத்தட்ட 240 மடங்கு! அணைக் குத்தகையில் யார் லாபம் யார் நஷ்டம் என்று இன்றும் இரண்டு மாநிலங்களும் வாதாடுகின்றன. ஏக்கர் இரண்டு பைசாவுக்குப் போன மலையைப் பற்றி வாதாட அன்று யாரும் இல்லை.

அந்த மலையில் வாழ்ந்த முதுவர்களை யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. காகிதத்தில் இரண்டு கையெழுத்து. மலையில் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்களுக்கு அதில் இடம் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். அரசாங்கத்தின் காட்டு அதிகாரியே குத்தகைக்காரராகவும் ஆகலாமா? இன்றைக்கு ஒரு ரேஞ்சர் தன் சரகத்துக்குப் பக்கத்துக் காட்டைத் தன் பெயரில் எழுதி வாங்கினால் மறுநாள் தலைப்புச் செய்தி. அன்று அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. வெள்ளைக்கார அதிகாரி காப்பித் தோட்டம் வைத்திருப்பது சாதாரணம். அதிகாரத்தால் கிடைத்த அறிவு சொந்த முதலாக மாறுவதும் சாதாரணம். மலையின் ஒவ்வொரு மடிப்பும் அவருக்குத் தெரிந்தது சம்பளம் வாங்கி நடந்ததால்தான். அந்த அறிவின் விலைதான் 227 சதுர மைல்.

கனவு கண்டவர் ஒருவர், காசு பார்த்தவர் வேறு

மன்றோ தனியாக எதையும் செய்ய முடியவில்லை. 1879ல் டர்னர் சகோதரர்கள் போன்றோரோடு சேர்ந்து, 'வடக்குத் திருவாங்கூர் நில நடவு வேளாண்மைச் சங்கம்' என்று ஒன்றை அமைத்தார்கள். உறுப்பினர்கள் மலையைப் பங்கு பிரித்துக்கொண்டு காப்பி, சின்கோனா, ஏலம், கற்றாழை நார் என்று எது எதையோ நட்டுப் பார்த்தார்கள். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா கிடைக்கும் சின்கோனா மரப்பட்டைக்குக் கொஞ்ச காலம் நல்ல விலை இருந்தது. பிறகு விழுந்தது.

1880ல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை நட்டார். மற்றதெல்லாம் தடுமாற, அது நிலைத்தது. 1890களின் பாதியில் ஸ்காட்லாந்தின் ஃபின்லே நிறுவனம் உள்ளே வந்தது. 1897ல் கண்ணன் தேவன் மலை உற்பத்தி நிறுவனம் பிறந்தது. சிறு தோட்டங்கள் ஒன்றாயின. பிற்காலத்தில் டாடா கைக்கு வந்ததும், நீங்கள் கடையில் வாங்கும் பாக்கெட்டில் 'கண்ணன் தேவன்' என்ற பெயர் இருப்பதும் அதன் தொடர்ச்சிதான்.

கோட்டகுடிக்கு இறங்கிய பெட்டிகள்

மேலே தேயிலை வளர்ந்துவிட்டது. அதை லண்டனுக்கு எப்படி அனுப்புவது? மேற்கே கொச்சிக்கு இறங்கும் வழி நீளம். கிழக்கே போடி பக்கம். ஆனால் நடுவில் செங்குத்தான சரிவு. குரங்கணியின் முக்கியத்துவம் இங்கே ஆரம்பிக்கிறது.

1902ல் மூணாறிலிருந்து மலை முகட்டு வரை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி வந்தது. இழுத்தது மாடுகள். 1908ல் அதை எடுத்துவிட்டுச் சிறிய ரயில் பாதை போட்டு நீராவி என்ஜின் விட்டார்கள். பாதை முடிந்த இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கி, சுமார் 5 கிலோமீட்டர் கீழே கோட்டகுடிக்கு இறங்கின. அது பாட்டம் ஸ்டேஷன். நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலே இல்லாத மலையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு ஊர் ஏன் இருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு விடை இதுதான்.

கோட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டு வண்டி. போடியிலிருந்து அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம். அங்கிருந்து தூத்துக்குடி. பிறகு கப்பல். எதிர்த்திசையில் அரிசியும் பருப்பும் மேலே ஏறின. கங்காணிகள் கூட்டிப்போன ஆட்களும் ஏறினார்கள். மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போன குடும்பங்கள் அவை.

1924 ஜூலையில் மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்று சொல்லும் பெருமழை வந்தது. மூணாறு ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை. 1928ல் போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தபோது, அதோடு கைகோக்க மேலே ரயில் இல்லை. அந்தப் பாதையும் அகலப்பாதைப் பணிக்காக 2010ல் நின்று, 2023 ஜூனில் மறுபடி போடிக்கு ரயில் வந்தது தனிக்கதை.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. மன்றோ சரிபார்க்கப் போன அதே எல்லைக்கோடு மறுபடி பெரிய விஷயமானது. மேலே வேலை செய்தவர்கள் தமிழர்கள். மலை கேரளம். குரங்கணி மட்டும் தமிழ்நாட்டின் கடைசிப் படியாக நின்றது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்பில் 70 பேர் மாண்டபோது, அழுகை தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமங்களிலும் கேட்டது. அந்த உறவுச் சங்கிலியின் முதல் கண்ணியும் 1877தான்.

புல் எரிந்த ஞாயிற்றுக்கிழமை

குரங்கணி என்ற பெயரைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது ஒரு துயரத்தால். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணி பக்கம் இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்.

அந்தச் சரிவில் தீ ஏன் அப்படிப் பாய்ந்தது? கோடையில் ஆளுயரப் புல் சருகாகக் காய்ந்து நிற்கும். சமவெளியில் தீ பக்கவாட்டில் பரவும். மலைச்சரிவில் அது மேல்நோக்கி ஓடும். அனல் மேலே எழும்பி, அடுத்த புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால் பற்றிக்கொள்ளத் தாமதமே இல்லை. காற்றும் சேர்ந்துவிட்டால் மனிதக் கால்களால் அதோடு போட்டி போட முடியாது. தப்ப நினைப்பவர் மேலே ஓடக்கூடாது. எரிந்து முடிந்த கறுப்பு நிலத்துக்கோ, புல் இல்லாத பாறைக்கோ, ஓடைக்கோ பக்கவாட்டில் போக வேண்டும். இது அந்த மலையின் பிள்ளைகளுக்குத் தெரியும். வார இறுதிக்கு வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்று மாலை முதலில் மேலே ஓடியவர்கள் அந்த மலையில் வாழ்கிறவர்கள்தான். கையில் கிடைத்த போர்வையில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு வனத்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படை ஹெலிகாப்டர்கள். அரசு ஒருநபர் விசாரணை வைத்தது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வனத்துறை முறைப்படுத்தித் திறந்தது. உள்ளூர் மலைவாழ் இளைஞர்களே வழிகாட்டிகள். கோடைத் தீக்காலத்தில் நடையை நிறுத்திவைக்கிறார்கள்.

தீக்கும் மன்றோவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அவர் செய்த வேலையின் ஒரு பாதி என்ன என்பதை அந்த நாள் காட்டியது. எந்தப் பாதையில் யார் போகிறார் என்று காட்டுக்கு அதிகாரியானவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று ஏலக்காய் மூட்டைக்காக. இன்று உயிருக்காக.

இன்னொரு அதிகாரி, இன்னொரு வழி

அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. இதே மேற்குத்தொடர்ச்சி மலையில், பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலையில் ஹியூகோ வுட் என்பவர் 1915 முதல் 1926 வரை பணியாற்றினார். அவர் போனபோது அங்கே தேக்குக் காடு பெருமளவு வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சரித்துவிட்டதால்தான் அந்த இடத்துக்கே டாப்சிலிப் என்று பெயர்.

வுட் வேரோடு எடுக்கும் வழக்கத்தை மாற்றினார். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும். ஒரு பகுதியை வெட்டினால் இன்னொரு பகுதி வளரட்டும் என்று முறை வைத்தார். கோட்டுப் பையில் தேக்கு விதையோடு நடந்து, கைத்தடியால் குழி போட்டு விதைத்தபடியே போவார் என்று டாப்சிலிப்பில் இன்றும் சொல்வார்கள். 1933ல் இறந்தவரை அவர் விருப்பப்படி அங்கேயே புதைத்தார்கள். நினைவுச் சின்னம் தேடுகிறவர் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வரி ஒன்று இருக்கிறது. சுற்றிலும் தேக்கு நிற்கிறது.

இரண்டு பேரும் மலையை நேசித்தவர்கள்தான். மலையை நேசிக்காதவர் குதிரைக்குக் கல்லறை கேட்டு நின்றிருப்பாரா? ஆனால் நேசிப்பது மட்டும் போதாது போலிருக்கிறது. பிடித்த இடத்தைப் பார்த்ததும் 'இது என்னுடையதாக வேண்டும்' என்று ஒருவருக்குத் தோன்றியது. 'இது இங்கேயே இருக்க வேண்டும்' என்று மற்றவருக்குத் தோன்றியது. ஒரே வேலை, ஒரே மலைத்தொடர், இரண்டு முடிவு.

மன்றோ மேல் மட்டும் பழியைப் போடுவதும் சரியல்ல. அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் வந்திருப்பார். குத்தகை நிலம் முழுவதும் தேயிலை ஆகவும் இல்லை. நடாமல் விட்ட உயர்ந்த புல்வெளிகளில் வரையாடுகள் பிழைத்தன. தோட்டக்காரர்கள் வேட்டைக்காகவே காத்த நிலம் அது. முதுவர்களையே காவலுக்கு வைத்திருந்தார்கள். 1971ல் கேரள அரசு சட்டம் போட்டு மிச்ச நிலத்தைத் திரும்ப எடுத்தது. அதில் ஒரு பகுதிதான் இன்றைய இரவிகுளம் தேசியப் பூங்கா. இரண்டு பைசா குத்தகையில் தப்பிய இடத்தைப் பார்க்கத்தான் இன்று டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்கிறார்கள்.

பெயர் தெரியாத ரேஞ்சர்கள்

1912ல் கோயம்புத்தூரில் வனக்கல்லூரி தொடங்கி, ரேஞ்சர்களுக்கு முறையான பயிற்சி ஆரம்பித்தது. அதன் பிறகு குதிரையில் வந்த துரைகளின் காலம் மெல்ல மறைந்து, காக்கி உடுப்புப் போட்ட நம்மூர் ஆட்களின் காலம் வந்தது. ரேஞ்சருக்குக் கீழே ஃபாரஸ்டர், அவருக்குக் கீழே கார்டு, அவருக்கும் கீழே நிரந்தரம் இல்லாத வேட்டைத் தடுப்புக் காவலர், தீக்காவலர்.

ஒவ்வொரு வருடமும் பனி விலகியதும் இவர்கள் குரங்கணி போன்ற சரிவுகளில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள். புல்லைச் செதுக்கி, சருகைக் கூட்டி, தீ தாண்ட முடியாத அகலத்துக்கு வெறும் மண்ணாக ஒரு பட்டை. இரவில் மலையில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தால் ஏறுவார்கள். தண்ணீர் லாரி போகாத இடம். பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைப்பதுதான் வழி. அடங்காவிட்டால் எதிர்த்தீ வைத்து, வரும் தீக்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் செய்ய வேண்டும். விடிந்து இறங்கும்போது முகம் கரி பூத்திருக்கும். செய்தியில் பெயர் வராது. அணைக்க முடியாமல் போன தீ மட்டும்தான் செய்தியாகும்.

குரங்கணியின் மேல் சரிவுகளில் பெய்யும் மழை கோட்டகுடி ஆறாகப் போடிக்கு வருகிறது. பிறகு தேனி அருகே வைகையில் கலக்கிறது. மதுரைவரை அந்தத் தண்ணீர் போகிறது. பென்னிகுக் கட்டிக் கொண்டுவந்த தண்ணீருக்குப் பொங்கல் வைக்கிறோம். யாரும் கட்டாமல், காடு தானாகக் கொண்டுவரும் தண்ணீரும் அதே ஆற்றில்தான் ஓடுகிறது. அந்தக் காட்டைக் காக்கிறவர்களுக்கு அடுத்த பொங்கலன்று ஒரு நன்றியாவது சொல்லலாம்.

அடுத்த முறை பாலில் ஏலக்காயைத் தட்டிப் போடும்போது, அது ஒரு பெரிய மரத்தின் நிழலில் வளர்ந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிழல் நிற்க வேண்டுமானால், இரவில் சிவப்புக் கோட்டைப் பார்த்து மலையேற ஒரு ஆளும் இருக்க வேண்டும்.